நாய்க்குச் சோறு போடலாமா? அரிசி, 'கிரெய்ன் ஃப்ரீ', பாக்கெட் உணவு: ஒரு விளக்கம்

நாய் வளர்ப்பவர்களுக்கு இன்று அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பெட் ஷாப்பில் 'கிரெய்ன் ஃப்ரீ' என்று அச்சிட்ட விலை கூடிய பாக்கெட்டைக் காட்டி, அரிசியும் கோதுமையும் நாய்க்கு ஆகாது என்கிறார்கள். இணையத்தில் ஒரு கூட்டம் பச்சை இறைச்சிதான் நாயின் இயற்கை உணவு என்கிறது. வீட்டுப் பெரியவர்களோ, காலங்காலமாகச் சோறும் மோரும் போட்டுத்தானே வளர்த்தோம், அந்த நாய்களுக்கு என்ன குறைந்துபோனது என்று கேட்கிறார்கள்.

சண்டை முழுக்க அரிசியைச் சுற்றியே நடக்கிறது. அரிசியால் பெரிய தொல்லை எதுவும் இல்லை. அதோடு சேர வேண்டியவை சேராமல் போவதுதான் தொல்லை. எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

நாய் ஓநாய் இல்லை

பச்சை இறைச்சிக்காரர்களின் வாதம் எளிமையானது: நாய் ஓநாயிலிருந்து வந்தது, ஓநாய் சோறு தின்னாது, ஆகவே நாயும் தின்னக் கூடாது. முதல் பாதி சரி. மீதிக்கு மரபணு ஆய்வு வேறு பதில் சொல்கிறது.

2013-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழுவினர் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 12 ஓநாய்களையும் 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களையும் மரபணு அளவில் ஒப்பிட்ட ஆய்வு அது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி கணையத்தில் சுரக்கிறது. அதற்கான ஏஎம்ஒய்2பி என்ற மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதிகளாக இருக்கிறது. நாய்களிடமோ 4 முதல் 30 பிரதிகள் வரை இருந்தன. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு, அவன் மிச்சம் வைத்ததைத் தின்று பிழைத்த விலங்கின் உடம்பு அதற்கேற்ப மாறியிருக்கிறது. எல்லா இனங்களிலும் ஒரே அளவில் இல்லை. ஹஸ்கி போன்ற பனிப்பகுதி இனங்களில் இந்தப் பிரதிகள் குறைவு. ஆனால் நம் தெரு நாயோ, லாப்ரடாரோ, நன்றாக வெந்த சோற்றைச் செரிப்பதில் சிரமப்படுவதில்லை.

பூனையைப் போல நாய் இறைச்சியை மட்டுமே நம்பி வாழும் பிராணியும் இல்லை. டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனை உணவிலிருந்துதான் பெற வேண்டும். நாய் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும். வைட்டமின் சி-யையும் நாய் தானே தயாரிக்கும். ஆனால் வைட்டமின் டி விஷயத்தில் அது நம்மைப் போல இல்லை. நாயின் தோல் அதைப் போதுமான அளவு உண்டாக்காது. நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க மொட்டை மாடியில் படுத்துக் கிடந்தாலும் தேவையான வைட்டமின் டி உணவு வழியாகத்தான் வர வேண்டும்.

'கிரெய்ன் ஃப்ரீ' கதை

தானியம் இல்லாத உணவு என்றால் மாவுச்சத்து இல்லாத உணவு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உலர் உணவு உருண்டைகள் உதிராமல் சேர்ந்து நிற்கவே மாவுச்சத்து வேண்டும். அரிசி, கோதுமை, சோளத்தை எடுத்துவிட்ட இடத்தில் பட்டாணி, பருப்பு வகைகள், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிரப்புகிறார்கள்.

2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ ஓர் எச்சரிக்கை விடுத்தது. இதயத் தசை மெலிந்து, இதயம் விரிந்து, ரத்தத்தை உந்தித் தள்ள முடியாமல் போகும் டிசிஎம் என்ற நோய் சில நாய்களுக்கு வருவதாகவும், அவை தின்ற உணவுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்வதாகவும் சொன்னது. டாபர்மேன், கிரேட் டேன் போன்ற இனங்களுக்குப் பரம்பரையாகவே இந்த நோய் வருவதுண்டு. இங்கே அப்படிப்பட்ட பரம்பரை இல்லாத நாய்களுக்கும் வந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. 2014 ஜனவரி முதல் 2019 ஏப்ரல் வரை வந்த 524 புகார்களை எஃப்டிஏ அலசியது. அவற்றில் பெயர் அடிபட்ட உணவுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் தானியம் இல்லாதவை. அதே அளவுக்குப் பட்டாணியோ பருப்போ சேர்ந்தவை.

இதை வைத்து 'கிரெய்ன் ஃப்ரீ நாயைக் கொல்லும்' என்று முடிவு கட்டினால் அதுவும் அவசரம். காரணம் இதுதான் என்று நிறுவப் புகார் எண்ணிக்கை மட்டும் போதாது என்று எஃப்டிஏ-வே 2022 டிசம்பரில் சொல்லி, பொருட்படுத்தத்தக்க புதிய அறிவியல் தகவல் வரும்வரை இதுகுறித்த வழக்கமான அறிவிப்புகளை நிறுத்திக்கொண்டது. அதாவது, குற்றம் நிரூபணமாகவில்லை, நன்மையும் நிரூபணமாகவில்லை. தானிய ஒவ்வாமை என்று கால்நடை மருத்துவர் கண்டறிந்து சொல்லாத நாய்க்கு அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கக் காரணம் எதுவும் தென்படவில்லை. நாய்களுக்கு வரும் உணவு ஒவ்வாமைகளில் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி ஆகியவையே முன்வரிசையில் நிற்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'முழுமையான உணவு' என்றால் என்ன?

இந்தக் கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். ஒரு நாய்க்குத் தேவையான புரதம், கொழுப்பு, தாதுக்கள், வைட்டமின்கள் எல்லாம் தேவையான அளவிலும் விகிதத்திலும் அடங்கியது முழுமையான, சமச்சீரான உணவு. வேறெதுவும் சேர்க்காமல் அதை மட்டுமே போட்டு வளர்க்கலாம். குறைந்தபட்ச அளவுகளை அமெரிக்காவில் ஆஃப்கோ என்ற அமைப்பு வகுக்கிறது. அது எந்த உணவையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. அளவுகோலை மட்டும் தருகிறது. அதன்படி வளர்ந்த நாய்க்கு ஒவ்வொரு 1000 கலோரி உணவிலும் குறைந்தது 45 கிராம் புரதமும் 1.25 கிராம் கால்சியமும் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை நம் வீட்டுத் தட்டில் வைத்துப் பார்க்கலாம். 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வளர்ந்த நாய் ஒன்றுக்கு நாளுக்கு ஏறத்தாழ 630 கலோரி வேண்டும்.

1. தயிர்சாதம். 350 கிராம் சோறும் 250 கிராம் தயிரும் சேர்ந்தால் சுமார் 600 கலோரி. வயிறு நிறைந்துவிடும். புரதம் 17, 18 கிராம்தான் வரும், வேண்டியது 28. கால்சியம் ஓரளவு வரும், தேவையில் பாதிக்கும் கீழே. தயிர் பாலைவிட நல்லது என்பது உண்மை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். தயிரில் அது குறைவு. ஆனால் தயிர்சாதம் மட்டும் என்றால் தசை கரையும், முடி மங்கும்.

2. சோறும் கோழிக்கறியும். 300 கிராம் சோறு, எலும்பில்லாமல் வேகவைத்த கோழி 125 கிராம். இதுவும் சுமார் 600 கலோரி. புரதம் 40 கிராமைத் தாண்டும். அந்த வகையில் நிறைவு. 'நாங்கள் தினமும் சிக்கன் போடுகிறோம்' என்று சொல்லும் வீடுகளின் தட்டு இதுதான். கால்சியத்தைக் கூட்டிப் பாருங்கள்: சோற்றில் 30 மில்லிகிராம், கோழியில் 20, ஆக மொத்தம் 50. வேண்டியதோ 750 மில்லிகிராமுக்குக் குறையாமல். பதினைந்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது!

இரண்டாவது தட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம். உணவில் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையக் கூடாது. இங்கே பாஸ்பரஸ் எட்டு மடங்கு கூடுதலாக இருக்கிறது. ரத்தத்தில் கால்சியத்தைச் சரியான அளவில் வைத்திருக்க உடம்பு எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். வளர்ந்த நாயிடம் இது வெளியே தெரியப் பல மாதங்கள் ஆகும். குட்டியிடம் சீக்கிரமே கால் வளையும், நடக்கும்போதே எலும்பு முறியும். நல்ல கறியாகப் பார்த்து வாங்கிப் போடும் வீட்டில்தான் இது நடக்கிறது என்பது கொடுமை.

சரி, அந்தக் காலத்து நாய்கள்? கூழும் மோர்ச்சோறும் அவற்றுக்கு உணவில் ஒரு பகுதிதான். எலி, ஓணான், முயல், மீன் தலை, கறிக்கடைக் கழிவு என்று வெளியே மேய்ந்து பாதி வயிற்றை நிரப்பிக்கொண்டன. எலும்பும் ஈரலும் அந்தக் கணக்கில் வந்தன. நோயில் செத்த குட்டிகளை யாரும் எண்ணி வைக்கவும் இல்லை. மூன்றாவது மாடி அடுக்ககத்தில் சங்கிலியோடு மட்டும் வெளியே போகும் நாய்க்கு அந்த மேய்ச்சல் கிடையாது. அதன் தட்டில் நாம் போடுவதுதான் எல்லாமே.

வீட்டுச் சமையலைச் சரிசெய்ய முடியாதா? முடியும், ஆனால் நினைப்பதைவிடக் கடினம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013-ல் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. ஆஃப்கோ அளவை எட்டியவை ஒன்பதே. அவற்றில் பாதிக்கு மேல் கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கால்சியம் குறையை முட்டை ஓட்டுப் பொடியால் நிரப்பலாம். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உண்டு என்பதால், மேலே சொன்ன 10 கிலோ நாய்க்கு அரை ஓட்டுக்கும் குறைவாகவே போதும். துத்தநாகம், தாமிரம், வைட்டமின் டி, ஈ, கோலின் போன்றவற்றை அப்படிக் கண்ணளவில் நிரப்ப முடியாது. கேரட்டும் பூசணியும் சேர்த்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. தினமும் வீட்டில்தான் சமைத்துப் போடுவோம் என்பவர்கள், விலங்கு ஊட்டச்சத்து தெரிந்த கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிய அளவையும், அவர் சொல்லும் வைட்டமின், தாதுக் கலவையையும் மாற்றாமல் பின்பற்ற வேண்டும்.

சைவ வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பூனையைச் சைவமாக வளர்க்க முடியாது; நாயை அப்படி வளர்ப்பது முடியாத காரியம் இல்லை. ஆனால் அது தயிர்சாதத்தால் முடியாது. முட்டைக்கு வீட்டில் இடம் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். இல்லையென்றால் முழுமையான உணவாகத் தயாரித்த சைவப் பாக்கெட்டே பாதுகாப்பு.

பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் இருக்கும் நாய்ப் படத்துக்கும் கறித்துண்டுக்கும் அர்த்தம் இல்லை. திருப்பிப் பார்க்க வேண்டும்.

1. 'காம்ப்ளிட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற வாசகம் இருக்கிறதா? 'காம்ப்ளிமென்டரி' அல்லது 'சப்ளிமென்டல்' என்று இருந்தால் அது தொட்டுக்கொள்ளத்தான். கிரேவி பாக்கெட்டுகளில் பல இந்த வகை. அதை மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

2. எந்த வயதுக்கு? குட்டிக்கு என்றால் 'குரோத்' அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்'. வளர்ந்த நாய்க்கு 'அடல்ட் மெயின்டெனன்ஸ்'. வளர்ந்த நாயின் உணவைக் குட்டிக்குப் போடக் கூடாது.

3. புரதச் சதவீதத்தை நேரடியாக ஒப்பிடாதீர்கள். டின் உணவில் 10 சதவீதம், உலர் உணவில் 24 சதவீதம் என்று இருந்தால் உலர் உணவில்தான் புரதம் அதிகம் என்று தோன்றும். டின்னில் 78 சதவீதம் தண்ணீர். தண்ணீரைக் கழித்தால் மீதி 22. அதில் 10 என்றால் 45 சதவீதம். உலர் உணவில் தண்ணீர் 10 சதவீதம்தான். அங்கே கணக்கு 27 சதவீதத்தைத் தாண்டாது.

4. சேர்பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், தண்ணீரோடு சேர்ந்த எடை. முதலில் 'சிக்கன்' என்று இருந்தால் அதில் பெரும்பகுதி ஈரம். 'சிக்கன் மீல்' என்பது ஈரம் நீக்கி அரைத்த பொடி. கேட்க மட்டமாக இருந்தாலும் எடைக்கு எடை புரதம் கூடுதல். அமெரிக்க விதிப்படி 'வித் சிக்கன்' என்று போட 3 சதவீதம் கோழி இருந்தால் போதும்.

5. ஒரு கிலோவுக்கு எத்தனை கலோரி? இது இல்லாமல் அளவு தீர்மானிக்க முடியாது. அச்சிடாத நிறுவனத்திடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு பார்க்கலாம்.

மூட்டையைப் பிரித்து லூஸில் கிலோ கணக்கில் விற்கும் உணவை வாங்காமல் இருப்பது நல்லது. தேதியும் தெரியாது, லேபிளும் கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து கிடக்கும் உணவில் கொழுப்பு கெட்டுப்போகும், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சின் கல்லீரலைத் தாக்கும். அமெரிக்காவில் 2020 கடைசியில் ஒரு நிறுவனத்தின் உணவில் இது கலந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் வந்தன. பெரிய மூட்டை மலிவு என்று வாங்கினாலும், அதே பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

எவ்வளவு போடுவது?

எந்த பிராண்ட் என்று பத்துப் பேரிடம் கேட்பவர்கள் எவ்வளவு என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. நாயின் ஆயுளோடு நேரடித் தொடர்பு இதற்குத்தான் அதிகம் என்று சொல்லலாம். ஒரு பெட் ஃபுட் நிறுவனம் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவம் முதல் வாழ்நாள் முழுக்கக் கண்காணித்து 2002-ல் முடிவை வெளியிட்டது. ஒரே உணவு, ஒரே கவனிப்பு. பாதி நாய்களுக்கு மட்டும் 25 சதவீதம் குறைவாகப் போட்டார்கள். குறைவாகத் தின்றவற்றின் சராசரி ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது.

கணக்கு போட போன் கால்குலேட்டர் போதும். நாயின் எடையை அதே எடையால் இரண்டு முறை பெருக்குங்கள்: 10 × 10 × 10 = 1000. வர்க்கமூலப் பொத்தானை இருமுறை அழுத்தினால் 5.62 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் 394. சும்மா படுத்திருக்கும் உடம்புக்கு ஆகும் கலோரி அது. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு 1.6-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது 630. இது தொடக்கப் புள்ளிதான். ஒரு மாதம் போட்டு எடை பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

பிஸ்கட், மிச்சம் மீதி எல்லாம் சேர்ந்து இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்று ஏறத்தாழ 20 கலோரி. மூன்றோடு அன்றைய கோட்டா முடிந்தது.

விலா எலும்பு தொட்டால் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களுக்குக் கடைசி சில விலா எலும்புகள் கண்ணுக்கே தெரிவது இயல்பு. பக்கத்து வீட்டு லாப்ரடாரைப் பார்த்து அதைக் குண்டாக்க வேண்டியதில்லை.

நம் சமையலறையின் ஆபத்துகள்

சாக்லேட் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். நம் சமையலுக்கே உரியவை வேறு.

1. வெங்காயம், பூண்டு. ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வதக்கினாலும் பொடித்தாலும் நஞ்சு போகாது. உடல் எடையில் 0.5 சதவீதம் வெங்காயம் ஆபத்தான அளவு. 10 கிலோ நாய்க்கு 50 கிராம், அதாவது ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயம். குழம்பில் கரைந்திருப்பதை அளக்க முடியாது என்பதால் குழம்பையே தவிர்ப்பது எளிது.

2. திராட்சை, புளி. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைப்பது நீண்ட நாளாகத் தெரியும், காரணம் மட்டும் புரியாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அடுத்த ஆண்டு, புளி தின்ற நாய்களுக்கும் அதேபோல் சிறுநீரகம் பாதித்த நிகழ்வுகள் பதிவாயின; புளியிலும் டார்டாரிக் அமிலம் ஏராளம். புளியோதரையும் காரக்குழம்புச் சோறும் நாய்க்கு வேண்டவே வேண்டாம். புளி உருண்டை கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

3. சைலிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மிலும் சில பீனட் பட்டர்களிலும் இருக்கும் இனிப்பு. நாயின் உடம்பில் இன்சுலினை ஒரேயடியாகச் சுரக்க வைத்து ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கும்.

4. வெந்த எலும்பு. பிரியாணி எலும்பு கூரான சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். கறித்தோலும் நெய்யும் மொத்தமாக உள்ளே போனால் கணைய அழற்சி வரலாம்.

பச்சை இறைச்சியைப் பொறுத்தவரை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நாய்க்கு நோய் தராமலே அதன் வாய், மலம் வழியாக வீட்டுக்குள் பரவும். ஃப்ரீசரில் வைத்தால் அவை சாவதில்லை. கைக்குழந்தையோ முதியவர்களோ இருக்கும் வீட்டில் இந்தச் சோதனை தேவையில்லை.

குட்டிக்குக் கால்சியம் சிரப்

பெரிய இனக் குட்டிகளை வாங்கியதும் மெடிக்கலில் கால்சியம் சிரப் வாங்கி ஊற்றுவது நம்மிடம் பரவலாக இருக்கும் பழக்கம். குட்டிக்குப் போடும் உணவு முழுமையானதாக இருந்தால் இது தீங்கு. வளர்ந்த நாய் தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை உறிஞ்சாமல் வெளியேற்றிவிடும். சில மாதக் குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. கூடுதல் கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். அதனால்தான் வளர்ந்தபின் 32 கிலோவைத் தொடக்கூடிய இனங்களின் குட்டி உணவுக்குக் கால்சியத்தில் உச்ச வரம்பையும் ஆஃப்கோ வைத்திருக்கிறது: ஈரம் நீக்கிய எடையில் 1.8 சதவீதம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் குட்டிகளுக்கு 'லார்ஜ் பிரீட் பப்பி' என்று தனியாக விற்பதற்குப் பின்னால் விளம்பரத்தைத் தாண்டிய காரணம் உண்டு.

குட்டி சோறும் கறியும் மட்டுமே தின்கிறது என்றால் நிலைமை தலைகீழ். அங்கே கால்சியம் கட்டாயம் வேண்டும், அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது ஒரு வாரத்துக்குத் தட்டில் விழுந்த அத்தனையையும், பிஸ்கட் உட்பட, கிராமோடு எழுதி எடுத்துப்போனால் அவரால் அந்த அளவைச் சரியாகச் சொல்ல முடியும்.